கட்டலின் போட்ட சூட்டுக்குறி

சட்டம் நிறைவேறிய செய்தியைக் கட்டலின் எலிசால்டே பள்ளிக்கூடத்துச் சமையலறையில்தான் கேட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அலமாரி மேலிருந்த ரேடியோவில், அரசு நிலத்தில் திரியும் காட்டுக் குதிரைகளை இனி யாரும் துரத்தவோ பிடிக்கவோ கொல்லவோ கூடாது, வாஷிங்டனில் கையெழுத்தாகிவிட்டது என்று ஒரு குரல் பன்றி விலைக்கும் பனி எச்சரிக்கைக்கும் நடுவே சொல்லிவிட்டுப் போனது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கூட வேலை பார்க்கும் நேடீன் எட்டிப் பார்த்தாள். "வெங்காயத்துக்கு அழுது பாத்திருக்கேன். உருளைக்கிழங்குக்கு அழற ஆளை இப்பத்தான் பாக்கறேன். என்ன கேட்டி, என்ன ஆச்சு?"

"ஜெயிச்சுட்டோம் நேடீன்."

"யாரு?"

"குதிரைங்க."

"நல்லாருக்கு. அதுங்க வந்து இந்த மூட்டையை உரிச்சுக் குடுக்குமான்னு கேளு" என்றாள் நேடீன். ஆனால் சொன்ன கையோடு அவளே உட்கார்ந்து மீதியை உரித்துக் கொடுத்தாள்.

சேஜ்ஹென் பள்ளத்தாக்கில் கட்டலினை எல்லோரும் கேட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய முழுப் பெயரை வாய் நிறையச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவள் புருஷன் பெய்யோ. அவன் போய்ச் சேர்ந்த பிறகு ஆடுகளை விற்றுவிட்டாள். மிஞ்சியது ஒரு வீடு, ஒரு புல்வெளி, புல்வெளியின் தலைமாட்டில் வற்றாத ஊற்று ஒன்று. பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே இருக்கும் பாஸ்க் மலைகளில் பிறந்தவள். கல்யாணமான கையோடு நெவாடாவுக்கு வந்தாள். பெய்யோவோடு ஆட்டுக்கிடை போட்டு, கூண்டு வண்டியிலேயே குடும்பம் நடத்தினாள். வந்த நாளிலிருந்து அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. குடியுரிமை கிடைத்து எத்தனையோ வருஷம் ஆகியும் அது போகவில்லை. தபால்காரர் கொஞ்சம் அதிக நேரம் வாசலில் நின்றால்கூட, 'உன்னைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள்' என்று சொல்லத்தான் நிற்கிறாரோ என்று நெஞ்சு படபடக்கும்.

அப்படிப்பட்டவள்தான் வாஷிங்டனிலிருந்து வந்த குழுவின் முன்னால், பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில், ஊரே பார்க்க எழுந்து நின்று, வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்து, குதிரைகளுக்காகப் பேசினாள். உப்புத் தரையில் விமானம் தாழப் பறந்து குதிரைகளை விரட்டியதையும், லாரியில் இருந்தவர்கள் அவை இழுத்து ஓடிக் களைத்து விழட்டும் என்று அவற்றின் கழுத்தில் டயர் கட்டிய கயிற்றை வீசியதையும், நாய்த்தீனி ஆலைக்குப் போன வண்டிகளையும் சொன்னாள். உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். கடைசியில், "அந்தக் குதிரைங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லை. அதனாலதான் கேக்க நாதி இல்லாமப் போச்சு" என்று முடித்தாள். இடையில் பின் வரிசையிலிருந்து எவனோ ஒருவன், "ஆட்டுக்காரி, உன் ஊருக்குப் போய்ச் சட்டம் போடு!" என்று கத்தினான். ஆனாலும் அவள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அதனால்தான் சட்டம் வந்த அன்று அழுதாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். அந்த நன்றியில் ஒரு வருஷம் நிம்மதியாகவே ஓடியது.

அடுத்த வசந்தத்தில் நில அலுவலகத்திலிருந்து ஸ்வென்சன் என்ற இளம் அதிகாரி வந்து அவளது சமையலறை மேஜையில் உட்கார்ந்தான். பள்ளத்தாக்கில் வீடு வீடாகப் போய் விதிகளை விளக்கிக்கொண்டிருந்தான். பொறுமையான பையன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினான்.

"காட்டுக் குதிரைன்னா எதுன்னு சட்டத்துலயே சொல்லியிருக்கும்மா. சூட்டுக்குறி இருக்கக் கூடாது, யாரும் உரிமை கோரியிருக்கக் கூடாது. அதுங்களுக்குத்தான் பாதுகாப்பு. குறி இருந்தா அது யாரோ ஒருத்தரோட சொத்து. அரசு நிலத்துல அது மேயக் கூடாது. சொந்தக்காரங்க வந்து ஓட்டிக்கிட்டுப் போகணும்."

கட்டலின் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிறைந்து, தட்டு நிறைந்து, மேஜையில் வழிந்தது. "குறி இருந்தா அதுக்குப் பாதுகாப்பு இல்லையா தம்பி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அது காட்டுக் குதிரையே இல்லை."

அவன் போன பிறகுதான் மேஜையைத் துடைத்தாள்.

அவள் பிறந்த மலையில் கணக்கு நேர்மாறானது. அங்கே குட்டைக் குதிரைகள் வருஷம் முழுவதும் மலை உச்சியில் தம் இஷ்டத்துக்குத் திரியும். ஆனால் ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரு வீட்டின் குறி இருக்கும். குறி இருந்தால் அதற்கு வீடு உண்டு, கேட்க ஆள் உண்டு, திருடன் தொடமாட்டான். குறி இல்லாத குதிரைதான் அனாதை. அந்தப் புத்தியோடுதான் அவள் இந்த நாட்டுக்கு வந்தாள். விமானம் வந்து போன ஒரு நாள், உப்புத் தரையில் தாயை இழந்து நின்ற கறுப்புக் குட்டி ஒன்றைப் பெய்யோ தோளில் போட்டுத் தூக்கி வந்தான். ஆட்டுப் பாலை ஊட்டி வளர்த்தாள். பெல்ட்சா என்று பெயர் வைத்தாள். கறுப்பி என்று அர்த்தம். ஒரு வயது ஆனதும் அதன் இடது தோளில் தங்கள் வீட்டுக் குறியைச் சூடு போட்டு, மலை மேலிருந்து இறங்கி வந்த காட்டுக் குதிரைக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டாள். "இனிமே இவளை எவனும் தொடமாட்டான்" என்று பெய்யோவிடம் பெருமையாகச் சொன்னாள்.

அவள் சொன்னபடியே நடந்தது. இன்னொரு வருஷம் குதிரை பிடிக்கிறவர்கள் அந்தக் கூட்டத்தையே மடக்கி லாரியில் ஏற்றியபோது, பெல்ட்சாவின் தோளைப் பார்த்த ஒருவன், "குறி போட்டது. இதை ஏத்தினா ஜெயிலு" என்று அவளை மட்டும் இறக்கிவிட்டான். அந்த ஆள் பக்கத்து நிலத்துக்காரன் ஹார்லன் டட்டில். அப்போது கூலிக்குக் குதிரை பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான்.

தப்பியவள் வேறொரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். இப்போது பெல்ட்சாதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. எங்கே தண்ணீர், எந்தக் கணவாயில் பனி குறைவு என்று அவள்தான் முன்னால் போவாள். கூட்டத்தில் அநேகமாக எல்லாமே அவள் பெற்றவை, அவை பெற்றவை. குட்டி தாயைச் சேர்ந்தது என்பது மேய்ச்சல்காரர்களின் வழக்கம். தாய்க்கு எவன் குறியோ, குட்டிக்கும் அவன்தான் சொந்தக்காரன். அப்படியென்றால் அந்த ஒரு குறியால் மொத்தக் கூட்டமும் எலிசால்டே வீட்டுக் குதிரைகளாகிவிடும். மலையிலிருந்து ஓட்டி வர வேண்டும். வயதான ஒரு விதவை அத்தனை குதிரைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? ஏலச் சந்தைக்குத்தான் போகும். சந்தையிலிருந்து அவை எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

காப்பாற்றப் போட்ட சூடு. அதனாலேயே இப்போது காப்பில்லை.

பேசாமல் இருந்துவிடலாம். குளிர்கால மயிர் வளர்ந்தால் குறி கண்ணுக்கே தெரியாது. ஆனால் யாருக்கும் சொந்தமில்லை என்று சத்தியம் செய்து சொன்னவள் அவள். அது பொய்ச் சத்தியமாகுமா? குடியுரிமையைப் பிடுங்கிக் கப்பலேற்றிவிடுவார்களா? யாரிடமும் கேட்கவும் பயம். கேட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடுமே. தவிர, ஹார்லனுக்குத் தெரியும்.

வேலி பழுது பார்க்க ஹார்லன் வந்த அன்று, கம்பியின் இந்தப் பக்கம் போய் நின்றாள்.

"வர்ற வாரம் நில அலுவலகக் கூட்டத்துல நீ என்ன சொல்லப் போற ஹார்லன்?"

"என் மாட்டுக்குப் புல்லு இல்லைன்னு சொல்வேன். வாஷிங்டன்காரனுக்கு மூளை இல்லைன்னு சொல்வேன். வழக்கமாச் சொல்றதுதானே."

"கறுப்பியைப் பத்தி?"

அவன் இடுக்கியை வேலிக் கம்பியில் தொங்கவிட்டான். "கேட்டா சொல்வேன். கேக்கலைன்னா வாயைத் தொறக்க மாட்டேன். எனக்காகப் பொய் சொல்லுன்னு மட்டும் கேக்காத கேட்டி. உன் சமையல் அவ்வளவு நல்லா இருக்காது."

"என் சமையலைப் பத்திப் பேசாத. போன ஈஸ்டருக்கு மூணு தட்டு ஆட்டுக்கறி வழிச்சது யாரு?"

"பசி" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி இடுக்கியை எடுத்தான்.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. விடிந்ததும் ஒரு முடிவோடு எழுந்தாள்.

கூட்டம் அதே விளையாட்டு அரங்கில்தான் நடந்தது. எந்தக் குதிரை யாருடையது என்று மேய்ச்சல்காரர்கள் உரிமை கோர வேண்டும். மேஜைக்குப் பின்னால் ஸ்வென்சன் உட்கார்ந்திருந்தான். பெயர் கூப்பிடும்வரை காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று கட்டலின் முதலிலேயே எழுந்துவிட்டாள்.

"அந்தக் கறுப்புக் குதிரை என்னோடது. தோள்ல இருக்கிறது எங்க வீட்டுக் குறி. நான்தான் போட்டேன். எங்க ஊர்ல அப்படிப் போட்டாத்தான் அதுக்குப் பாதுகாப்பு. இங்க இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. அவளை நான் கூட்டிக்கிட்டுப் போறேன். அவ பெத்ததுங்க மேல நான் சூடு போடலை, என்னோடதுன்னு எப்பவும் சொன்னதில்லை, இப்பவும் சொல்லலை. அதுங்களை விட்டுருங்க." பிறகு, கேட்பார் இல்லாமலே, "நான் சத்தியம் பண்ணிப் பொய் சொல்லலை" என்றாள்.

"பொய்யின்னு யாரும் சொல்லலைம்மா" என்றான் ஸ்வென்சன், மெல்ல.

ஆனால் கூட்டத்தில் சலசலப்பு. "குட்டி தாயோட போகும்! அதுதான் வழக்கம்!" என்று ஒருவர் எழுந்தார். "அப்போ அது பூராவும் எலிசால்டே குதிரைங்கதான். ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க!" பலர் கை தட்டினார்கள். ஸ்வென்சன் புத்தகத்தைப் புரட்டினான்.

பின்வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. ஹார்லன் எழுந்து நின்றான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"வழக்கத்தைச் சொல்றதுன்னா முழுசாச் சொல்லணும்ல? பால் குடிக்கிற குட்டி தாயோட போகும். சரி. பால் மறந்து, தாயை விட்டுத் தனியாத் திரியற, குறி இல்லாத ஒண்ணுக்கு நாம என்ன பேரு வச்சிருக்கோம்? வெறுந்தோல். அது யாரோடது? யாரோடதும் இல்லை. எவன் முதல்ல சூடு போடறானோ அவனோடது. இந்த வழக்கத்தை வச்சுத்தான் நம்ம தாத்தன்மாரெல்லாம் மாட்டு மந்தை சேத்தாங்க." சுற்றும் பார்த்தான். "இங்க உக்காந்திருக்கறவங்கள்ல வெறுந்தோல் கன்னுக்குச் சூடு போடாத குடும்பம் ஏதாவது இருந்தா கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது.

"என்னைத் தப்பா நெனைக்காதீங்க. இந்தச் சட்டம் தப்பு. நாளைக்கே எடுத்தாலும் சந்தோஷம்தான். ஆனா கன்னுக்கு ஒரு வழக்கம், குதிரைக்கு ஒரு வழக்கம்னு பேசினா அதுக்குப் பேரு வேற." அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஸ்வென்சன் யோசித்தான். குறியும் இல்லை, உரிமை கோருவாரும் இல்லை என்றால் சட்டப்படி அவை காட்டுக் குதிரைகள்தான் என்றான். தாயை மட்டும் கொண்டுபோக வேண்டும், அதுவும் பனிக்காலம் இறுகும் முன்னால். அவள் மடியில் இப்போது ஒரு குட்டி பால் குடிக்கிறதே, அது பால் மறந்திருந்தால் மலையிலேயே இருக்கலாம், மறக்காவிட்டால் தாயோடு வந்துவிட வேண்டியதுதான். விமானம் கூடாது, லாரி கூடாது.

வாசலில் ஹார்லனை மறித்துக்கொண்டு நின்றாள் கட்டலின். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுதுடாத. எல்லாரும் பாக்கறாங்க" என்றான் அவன். "அவளை எப்படிப் பிடிக்கப் போற? கூப்பிட்டா வருவாளா?"

"தெரியாது."

"தெரியாதுதான். உன் ஊற்றுக்கு வருவா. வந்து பாக்கறேன்."

கோடை முழுவதும் ஹார்லன் ஊற்றைச் சுற்றிப் பட்டி அடைத்தான். ஜூனிபர் மரக் கட்டைகளை நட்டு, ஒரே ஒரு அகலமான கதவு வைத்து, அதைத் திறந்தபடியே விட்டான். கதவிலிருந்து ஒரு நீளமான கயிற்றை வைக்கோல் போர் வரை தரையோடு போட்டான். வியர்வை நாறும் தன் சட்டையைக் கதவுக் கட்டையில் தொங்கவிட்டான், குதிரைகளுக்கு மனுஷ வாடை பழகட்டும் என்று.

"அதைத் தொவைச்சாவது தொங்கவிடக் கூடாதா?" என்றாள் கட்டலின். "இந்த நாத்தத்துக்கு ஊற்றே வத்திடும்."

"தொவைச்சா அப்புறம் அது என் சட்டையாவா இருக்கும்?"

முதலில் குதிரைகள் தூரத்தில் நின்று பார்த்தன. பிறகு கதவு வரை வந்தன. மேலே ஓடைகள் வற்ற வற்ற, பெல்ட்சா உள்ளே வந்தாள். எப்போதும் அவள்தான் முதலில் வருவாள். குடித்துத் தலை நிமிர்ந்த பிறகுதான் மற்றவை நுழையும். அவளுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் கயிற்றை இழுக்க வேண்டும்.

ஆனால் குட்டி இருந்ததே! செம்பட்டை நிறத்தில், நெற்றியில் வெள்ளையோடு, தாயின் தொடையிலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தது. இலையுதிர்காலம் முழுவதும் இருவரும் வைக்கோல் போரின் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் தாயும் குட்டியும் சேர்ந்தே வந்தார்கள், சேர்ந்தே போனார்கள். மலை முகட்டில் முதல் பனி விழுந்தது. ஸ்வென்சன் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனான்.

"ரெண்டையும் சேத்து அடைச்சுடு ஹார்லன்" என்று கட்டலின் ஒரு காலையில் சொன்னாள். பொறுமை போய்விட்டது. "கெடு முடிஞ்சா அலுவலகமே ஆளை அனுப்பிக் கூட்டத்தையே கலைச்சுடும். எல்லாம் போறதுக்கு ஒரு குட்டி போனாப் போகுது."

"நீ போட்ட ஒரு சூட்டுக்கே இந்தப் பாடு. இன்னொண்ணுக்கும் வேலி போடணுமா?" அவன் கயிற்றைத் தொடவில்லை. "இரு. எந்தத் தாயும் ஒரு நாள் ஒதைக்கும்."

இரண்டு நாள் கழித்து, ஊற்றின் ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருந்த காலை நேரம். பெல்ட்சா உள்ளே வந்தாள், குட்டியும் வந்தது. அவள் குனிந்து குடிக்கும்போது அது வயிற்றுக்குக் கீழே மூக்கை நுழைத்தது. பெல்ட்சா காதுகளைப் பின்னால் மடித்தாள். மறுபடி நுழைத்தது. திரும்பி அதன் கழுத்தில் நறுக்கென்று ஒரு கடி. குட்டி கத்திக்கொண்டு பின்வாங்கியது. மூன்றாவது முறை நெருங்கியபோது அவள் பின்னங்காலைத் தூக்கினாள். குட்டி திரும்பிக் கதவுக்கு வெளியே ஓடி, மற்றவற்றின் நடுவே போய் நின்றது.

ஹார்லன் இழுத்தான். கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

உள்ளே பெல்ட்சா வேலியைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். வெளியே கூட்டம் சிதறி, கொஞ்ச தூரம் போய், நின்று திரும்பிப் பார்த்தது. குட்டி ஒருமுறை கனைத்தது. பெல்ட்சா பதிலுக்குக் கனைத்தாள், ஆனால் கதவருகே வரவில்லை. ஆண்குதிரை கழுத்தைத் தாழ்த்திக் குட்டியின் பின்னால் போய் அதை முன்னே தள்ளியது. பெல்ட்சாவின் மூத்த மகள், முதுகில் புழுதி படிந்த ஒரு சாம்பல் குதிரை, தயங்கித் தயங்கி முன்னால் நடக்க ஆரம்பித்தாள். மற்றவை அவள் பின்னால் வரிசையாக மேட்டில் ஏறின. சேஜ் புதர்களுக்கு மேல் முதுகுகள் மட்டும் தெரிந்தன, பிறகு அதுவும் மறைந்தது.

அங்கே அவை யாருடையதும் இல்லை. ஒரு நாட்டின் சட்டமே அவற்றுக்குக் காவல். தன் உடைந்த வாயால் தான் கேட்ட ஒன்றை ஒரு நாடு எழுதிக் கொடுத்திருக்கிறது என்று நினைத்தபோது, கட்டலினுக்கு அத்தனை வருஷத்துப் பயமும் ஒரு கணம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பெல்ட்சா அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆட்டுப் பால் குடித்ததெல்லாம் அவளுக்கு நினைவிருக்க நியாயமில்லை. வேலிக்குப் பின்னால் நின்று, மூக்கிலிருந்து ஆவி பறக்க, முறைத்துப் பார்த்தாள். கட்டலின் அதற்காக வருத்தப்படவில்லை. பட்டியிலிருந்து புல்வெளிக்குப் போகும் வழியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். கிழக் குதிரை தலையை உதறிக்கொண்டு புல்லை நோக்கி நடந்தாள்.

ஹார்லன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "நன்றி சொல்ல ஆரம்பிச்சே, நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

"சொல்லலை. உள்ள வா. ரொட்டி சூடா இருக்கு, பீன்ஸ் இருக்கு, ஆட்டுக்கறி இருக்கு."

"அடுத்த கூட்டத்துல நான் உனக்கு எதிராத்தான் பேசுவேன். அதுங்க என் புல்லைத்தான் திங்குதுங்க."

"பேசு. யாரு வேண்டாம்னா?"

மேஜையில் உட்கார்ந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு தன் பாஷையில் ஜெபம் சொன்னாள். பெய்யோவைச் சொன்னாள், ஸ்வென்சனைச் சொன்னாள், நேடீனைச் சொன்னாள், வாஷிங்டனைச் சொன்னாள். ஹார்லன் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"நடுவுல என் பேரு வந்துச்சே. என்ன சொன்ன?"

"உன் மாடெல்லாம் கொழுக்கணும்னு சொன்னேன்."

"பொய்."

"பாதி பொய். சாப்பிடு, ஆறிடப் போகுது."